தெரிஞ்ச பாட்டுல கால் தப்பினது ஏன்? ஒரு அப்பா, ஒரு மகள், பழைய டான்ஸ் மெஷின் – ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ஜப்பான்ல, ஒசாகா பக்கம் ஒரு சின்ன ஊர்ல, பெரியவங்கள பகல்ல பாத்துக்குற சென்டர்ல கைகோ வேலை பாக்குறேன். கைகோன்னா வயசானவங்க பராமரிப்பு. எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு, ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் செஞ்சு பாத்தா சரியா வந்தாலும் தப்பா போனாலும் எழுதி வைக்கணும். இது சென்டர்ல நடந்தது இல்ல, கூட வேலை பாக்குற ஒரு அக்காவோட வீட்டு விஷயம், ஆனா இதுல நான் கத்துக்கிட்டது சென்டர்ல கத்துக்கிட்டத விட ஜாஸ்தி, அதான் அவங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டு எழுதுறேன். பேர், ஊர், கடை எதுவும் போடல.

பின்னணி: ஆளுங்க

அக்கா 1985ல பொறந்தவங்க. அவங்க அப்பா 1955. இது நடந்த 2023ல அவருக்கு 68 வயசு. ஃபேக்டரில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், மனைவி தவறி சில வருஷம் ஆச்சு, அதுக்கப்புறம் வெளிய போறத குறைச்சுக்கிட்டார். வலது முட்டியில காலையில கொஞ்சம் இறுக்கம், மத்தபடி நல்லா நடப்பார். நானும் அவர ஒதோசான்னுதான் கூப்பிடுவேன், அப்பான்னு அர்த்தம். ஞாயித்துக்கிழமை சில நாள் என்னை சாப்பிட கூப்பிடுவாங்க, அந்த வீட்ல டிவி எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும், அவர் அத பாக்குறாரா இல்லையான்னே சொல்ல முடியாது.

அக்காவுக்கு கவலை அதுதான். "அப்பாவ எங்கயாவது கூட்டிட்டு போகணும், ஆனா எங்கன்னு தெரியல"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஹாட் ஸ்பிரிங் கூப்பிட்டா வேண்டாம், கோயில் கூப்பிட்டா வேண்டாம்.

பின்னணி: பாட்டு

இத கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா பிரச்சனையே இங்கதான் இருந்துச்சு.

"குங் ஃபூ ஃபைட்டிங்" 1974ல வந்த டிஸ்கோ பாட்டு. பாடுனவர் ஜமைக்காவுல பொறந்த கார்ல் டக்ளஸ், தயாரிச்சவர் பிட்டு, நம்ம பெங்களூர்ல பொறந்து லண்டன் போன மனுஷன். நான் ஓசூர்க்காரி, பக்கத்து ஊர்க்காரர் செஞ்ச பாட்டுன்னு எனக்கே இந்த விஷயத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. அது முதல்ல ரெக்கார்டோட பின்பக்கத்துக்குன்னு செஷன் முடியுற நேரத்துல அவசரமா பண்ணது, கம்பெனில ஒருத்தர் கேட்டுட்டு இதுதான் முன்பக்கம் வரணும்னு சொல்லியிருக்கார். அந்த வருஷம் செப்டம்பர்ல இங்கிலாந்துல நம்பர் 1, டிசம்பர்ல அமெரிக்காவுலயும் நம்பர் 1.

ஜப்பான்ல அப்போ ப்ரூஸ் லீ அலை. அவர் நடிச்ச "என்டர் தி டிராகன்" அங்க 1973 டிசம்பர்ல "மோஎயோ டோராகொன்"னு பேர் வச்சு வந்துச்சு, எரியட்டும் டிராகன்ங்கற மாதிரி. அதே சூட்டுல இந்த பாட்டுக்கும் "ஹோஎரோ! டோராகொன்"னு ஜப்பான் பேர் வச்சு வித்தாங்க, கர்ஜிடா டிராகனேன்னு வச்சுக்கலாம். அந்த காலத்துல வெளிநாட்டு பாட்டுக்கு இப்படி உள்ளூர் பேர் வைக்கிறது அங்க சாதாரணம். அப்ப டிஸ்கோ போனவங்க பலருக்கு இந்த பாட்டு அந்த பேர்லதான் தெரியும்.

24 வருஷம் கழிச்சு, 1998ல, பஸ் ஸ்டாப்னு ஒரு பிரிட்டிஷ் குரூப் இத திரும்ப பண்ணாங்க. கோரஸ் அதே கோரஸ், கார்ல் டக்ளஸ் பேரும் கூடவே போட்டிருந்துச்சு, ஆனா நடுவுல ராப். அதே 1998ல கோனாமி கம்பெனி ஜப்பான் கேம் சென்டர்கள்ல "டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்" மெஷின இறக்குனாங்க. அதுக்கு வெளிப் பாட்டெல்லாம் தோஷிபா ஈ.எம்.ஐ.யோட "டான்ஸ்மேனியா" தொகுப்பு வழியா வந்துச்சு, அப்படித்தான் பஸ் ஸ்டாப் பாட்டும் முதல் மெஷின்லயே உள்ள போச்சு. ஸ்கிரீன்ல இங்கிலீஷ்ல "குங் ஃபூ ஃபைட்டிங்"னு மட்டும்தான் இருக்கும். டோராகொன்ங்கற பேச்சே கிடையாது.

மெஷின் தெரியாதவங்களுக்கு: மேடை மேல நாலு பக்கமும் நாலு அம்புக்குறி பேனல். ஸ்கிரீன்ல அம்புக்குறி கீழ இருந்து மேல ஏறும், மேல நிக்கிற அம்புக்குறியோட சேர்ற நொடி கால வைக்கணும். சரியா வச்சா பர்ஃபெக்ட், கிரேட், தவறினா "பூ" (Boo), மிஸ். மிஸ் கூடுனா மேல இருக்குற கேஜ் இறங்கும், காலியானா பாட்டு பாதியிலயே நின்னுரும். ஒரு பாட்டு ஒன்றரை நிமிஷம் மாதிரிதான், முழு பாட்டு இல்ல.

எப்படி ஆரம்பிச்சுது

2023 ஜூன். சாப்பிட்டு முடிச்சு நானும் அக்காவும் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். அக்கா வாய்க்குள்ள அந்த ஆரம்ப ட்யூன முனகுனாங்க, குங் ஃபூ படம்னாலே வருமே அந்த ஒன்பது சுரம். டிவி முன்னாடி உக்காந்திருந்த ஒதோசான் திரும்பாமலே "ஹோஎரோ டோராகொன்"னு சொன்னார். அக்கா "இல்லப்பா, இது கேம் பாட்டு, நான் ஸ்கூல் படிக்கும்போது ஆடுனது"ன்னாங்க. அவர் "இல்ல, இது நான் ஆடுனது"ன்னார். அவங்க அப்பா டிஸ்கோ போயிருக்கார்ங்கறதே அக்காவுக்கு 38 வயசு வரைக்கும் தெரியாது. அவர் எந்திரிச்சு அலமாரி மேல் தட்டுல இருந்து ஒரு அட்டைப் பெட்டி எடுத்துட்டு வந்தார், உள்ள பழைய ஈ.பி. ரெக்கார்டுங்க, அதுல இதுவும் ஒண்ணு.

ரயில்ல 40 நிமிஷ தூரத்துல பழைய மெஷின்களா வச்சு நடத்துற ஒரு கேம் சென்டர் இருக்கு, அங்க அந்த முதல் பதிப்பு மெஷினே இன்னும் ஓடுதுன்னு அக்காவுக்கு தெரியும். அடுத்த ஞாயிறு போலாமான்னு கேட்டதுக்கு அவர் சரின்னார். அக்கா என் கைய புடிச்சு அழுத்துனாங்க, அவர் ஒரு இடத்துக்கு சரின்னு சொல்லி அவ்ளோ நாள் ஆச்சு.

முதல் தடவை

அக்கா முதல்ல ஆடி காட்டுனாங்க, 25 வருஷம் கழிச்சும் கால் தானா போச்சு. அப்புறம் அவர் ஏறுனார், இருக்கறதுலயே ஈசியான லெவல். பாட்டு ஆரம்பிச்சதும் முகத்துல ஒரு வெளிச்சம், அத நான் சென்டர்லயும் சில பேர்கிட்ட பாத்திருக்கேன், தெரிஞ்ச பாட்டு வந்தா அப்படித்தான் வரும். ஆனா அரை நிமிஷம் தாண்டல, கேஜ் காலி. திரும்ப 100 யென் போட்டார், திரும்பவும் அதே இடத்துல போச்சு. மூணாவது வேண்டாம்னு இறங்கிட்டார். "பாட்டு தப்பா இருக்கு"ன்னார். அவ்ளோதான். ரயில்ல பேசவே இல்ல.

எனக்கு அன்னிக்கு பயமா இருந்துச்சு, ஒரு தடவை வெளிய வந்த மனுஷன தோக்க வச்சு அனுப்பிட்டோமேன்னு.

கவனிச்சது

கடைக்காரர்கிட்ட கேட்டு அக்கா மொபைல்ல வீடியோ எடுத்திருந்தாங்க, அவர் கால் மட்டும். அத ராத்திரி நாலஞ்சு தடவை போட்டு பாத்தோம்.

முதல்ல தோணுனது வயசு, முட்டி, கண்ணுன்னுதான். வீடியோவுல அப்படி இல்ல. அவர் கால் தாளத்துலதான் விழுது, லேட்டா இல்ல. ஆனா அம்புக்குறி கேக்குற இடத்துல விழல, பாடுறவர் குரல் எங்க வருதோ அங்க விழுது. கோரஸ் சொல்லோட சேர்ந்து கால வைக்கிறார், மெஷின் கேக்குறது கீழ ஓடுற அடி. ரெண்டும் சில இடத்துல ஒண்ணா வரும், அங்கெல்லாம் கிரேட்டுன்னு விழுது, பல இடத்துல வராது.

ரெண்டாவது, கோரஸ் முடிஞ்சதும் அவர் ரெண்டு கால்லயும் நின்னு காத்துக்கிட்டு இருக்கார். எதுக்குன்னு முதல்ல புரியல. அப்புறம் ஒரிஜினல போட்டு கேட்டோம், அங்க அவருக்கு தெரிஞ்ச பாட்டுல அடுத்த சரணம் வரணும். மெஷின்ல வந்தது ராப். அந்த நாலஞ்சு நொடி அவர் வராத ஒண்ணுக்காக காத்திருந்தார், அம்புக்குறி மட்டும் போயிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு தடவையும் கேஜ் காலியானது அதே இடம்.

மூணாவது அக்கா கண்டுபிடிச்சது. இடது ரெண்டு, வலது ரெண்டு, திரும்பு, இப்படி ஒரு ஒழுங்கு அவர் கால்ல இருந்துச்சு. 70கள்ல ஜப்பான் டிஸ்கோல எல்லாரும் ஒரே பக்கம் பாத்து ஒரே ஸ்டெப் போடுவாங்களாம், பாட்டுக்கு பாட்டு ஸ்டெப் தனி, இத அப்புறம் அவரே சொன்னார். அந்த ஸ்டெப் அவர் காலுக்குள்ள அப்படியே இருந்துச்சு, மெஷின் சொல்றத கேக்க அதுக்கு நேரமே இல்ல.

ரெண்டாவது தடவையும் என் முடிவும்

நான் ஒரு யோசனை சொன்னேன். இந்த பாட்டு வேண்டாம், இன்னும் மென்மையான, அவருக்கு தெரிஞ்ச வேற பாட்டு எடுப்போம். அந்த மெஷின்லயே "ஹேவ் யூ நெவர் பீன் மெல்லோ" இருக்கு, ஒலிவியா நியூட்டன் ஜான் 1975ல பாடுனது, ஜப்பான்ல "சொயோகஸே நோ யூவாகு", இளங்காத்தோட மயக்கம்னு பேர். அவர் பெட்டியில அந்த ரெக்கார்டும் இருந்துச்சு. மெதுவான பாட்டு, தெரிஞ்ச பாட்டு, சுலபமா வரும்னு நெனச்சேன்.

நான் நெனச்ச காரணம் முழுக்க தப்பு. ஆனா முடிவு நல்லா வந்துச்சு.

மெஷின்ல இருக்கறது ஒலிவியா இல்ல, தி ஒலிவியா ப்ராஜெக்ட்னு போட்டு வேற குரல்ல பண்ண டான்ஸ் கவர், வேகமும் தாளமும் வேற. எனக்கு இது அங்க போய் பாட்டு ஆரம்பிச்சதும்தான் தெரிஞ்சுது, வயித்துல புளிய கரைச்சுது. ஒதோசான் மேடையில நின்னு ஸ்கிரீன மட்டும் பாத்தார். முகத்துல எந்த வெளிச்சமும் இல்ல. கால் அம்புக்குறி பின்னாடி போச்சு. அங்கங்க மிஸ், ஆனா கேஜ் நின்னுச்சு, பாட்டு முடிஞ்சுது. முதல் தடவையா ஒரு பாட்ட முழுசா முடிச்சார்.

ரயில்ல அக்கா "இது சொயோகஸே நோ யூவாகு தான்ப்பா"ன்னு சொன்னாங்க. அவர் நம்பல. ஒரிஜினல ஹெட்போன்ல போட்டு குடுத்தோம், அப்புறம் மெஷின் பாட்ட குடுத்தோம், திரும்ப ஒரிஜினல். கொஞ்ச நேரம் கழிச்சு "ஆமா"ன்னார். அப்பதான் எனக்கு வெளங்குச்சு, பாட்டு தெரியும்னு தெரியாததாலதான் அவர் ஆடுனார். மனசுல இருந்து எதுவும் குறுக்க வரல, கண்ணுக்கு முன்னாடி இருந்தத மட்டும் செஞ்சார்.

அடுத்த முடிவு: ரெண்டு பேர்

அப்ப குங் ஃபூவ விட்டுட்டு இதையே ஆட விட்டிருக்கலாம். அக்காவுக்கு அதுதான் விருப்பம். ஆனா ஒதோசானுக்கு அந்த பாட்டத்தான் முடிக்கணும்னு இருந்துச்சு, கேட்டப்போ அவரே சொன்னார். அவர் விருப்பத்த மேல வச்சோம், எங்க வேலையில அதுதான் முதல் விதி.

ஒரு சாயங்காலம் வீட்ல உக்காந்து முதல்ல ஈ.பி.ய போட்டோம், முழுசா, ரெண்டு தடவை. அவர் ஸ்டெப்ப அவர் ஆடட்டும்னு விட்டோம், ஆடுனார். அப்புறம் மெஷின் பாட்டு. அத ஆடாம கேக்க மட்டும் செஞ்சோம், ஒரு பேப்பர்ல எங்க கோரஸ், எங்க ராப்னு பென்சில்ல கோடு போட்டோம், கையால மேசைய தட்டி அடி எங்க வருதுன்னு பாத்தோம். ரெண்டுக்கும் ரெண்டு பேர் வச்சோம், ரெக்கார்டுல இருக்கறது "டோராகொன்", மெஷின்ல இருக்கறது "குங் ஃபூ". இது வேற பாட்டு, உங்க பாட்டு பத்திரமா இருக்கு, இது அதோட சொந்தக்கார பையன் மாதிரின்னு நான் எனக்கு தெரிஞ்ச ஜாப்பனீஸ்ல சொன்னேன். "பாட்டு தப்பா இருக்கு"ன்னு அவர் சொன்னது அதுக்கப்புறம் வரவே இல்ல.

அன்னிக்கு இன்னொண்ணும் நடந்துச்சு, ப்ளான்ல இல்லாதது. அக்கா பேப்பர பாத்துக்கிட்டே, 1999ல ஒரு நாள் நீங்க கேம் சென்டருக்கு வந்து என்ன மேடையில இருந்து கைய புடிச்சு இழுத்துட்டு போனீங்க, ஞாபகம் இருக்கா, அப்ப இந்த பாட்டுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னாங்க. கோவமா சொல்லல. அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. அங்க இருந்த சத்தத்துல பாட்டு எதுன்னு கேக்கவே இல்லன்னார். அப்புறம் எந்திரிச்சு போய் டீ போட்டுட்டு வந்தார், மூணு பேருக்கும். அந்த வீட்ல அவர் டீ போட்டு நான் பாத்தது அதான் முதல் தடவை.

மூணாவது தடவை: எங்க தப்பு

ஜூலை கடைசி. கோரஸ் தாண்டி ராப்புக்குள்ளயும் கால் போச்சு, பாதிக்கு மேல வந்துட்டார். உற்சாகத்துல இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு தொடர்ந்து மூணு தடவை ஆட விட்டோம். மறுநாள் வலது முட்டி வீங்கிடுச்சு. எலும்பு டாக்டர பாத்தாங்க, ரெஸ்ட் எடுங்கன்னார், ரெண்டு வாரம் சரியா நடக்கல.

இது என் தப்பு. சென்டர்ல யாரையும் பத்து நிமிஷம் நிக்க வைக்கவே செக் பண்ணுவேன், இங்க வெளி இடம், சந்தோஷம், அதுல மறந்துட்டேன். புதுசா ஆடுறவங்க ஒவ்வொரு அடிக்கும் கால திரும்ப நடுவுக்கு கொண்டு வருவாங்க, அதுல ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ரெண்டு அடி விழும். வீடியோவுல முதல் நாளே அது தெரிஞ்சுது, முட்டிக்கு அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிக்கல.

நாலாவது தடவை

டாக்டர்கிட்ட கேட்டுட்டு செப்டம்பர்ல போனோம். ஒரு பாட்டு, அப்புறம் 15 நிமிஷம் நாற்காலி. பின்னாடி இருக்குற கம்பிய ஒரு கையால புடிச்சுக்கணும். கால நடுவுக்கு கொண்டு வராம வச்ச இடத்துலயே விடணும், இத அக்கா வீட்ல தரையில டேப் ஒட்டி சொல்லி குடுத்தாங்க. கூட்டம் இல்லாத நாளா பாத்து லீவு போட்டு போனோம், அப்பதான் பக்கத்து மெஷின் சத்தம் இல்லாம அடி கேக்கும்.

ரெண்டாவது முயற்சியில பாட்டு முடிஞ்சுது. கிரேடு பெருசா ஒண்ணும் இல்ல. கோரஸ் வரும்போது கால் ஒரு தடவை பழைய ஸ்டெப்புக்கு போச்சு, அவரே புடிச்சு திருப்பிக்கிட்டார். அக்கா கத்துன கத்துல கடைக்காரர் எட்டி பாத்தார்.

பிறகு

நான் நெனச்ச மாதிரி அவர் கேம் பைத்தியம் ஆகல. குங் ஃபூவ அதுக்கப்புறம் அவர் அதிகமா ஆடவும் இல்ல. மாசம் ஒரு தடவை ரெண்டு பேரும் போவாங்க, அக்கா மேடையில குங் ஃபூ ஆடுவாங்க, அவர் மேடைக்கு கீழ தரையில நின்னு 1975 ஸ்டெப்ப போடுவார். ராப் வந்தா நிறுத்திட்டு, கோரஸ் வந்ததும் சேந்துக்குவார். அவர் மேடையில ஏறுறது மெல்லோவுக்கு மட்டும். வீட்ல ரெக்கார்டு ப்ளேயர் வெளிய வந்துச்சு, ஞாயித்துக்கிழமை நான் போறப்போ டிவி ஆஃப்ல இருக்கற நாளும் உண்டு. எல்லா நாளும் இல்ல.

இன்னொரு தடவைன்னா என்ன மாத்துவேன்

டாக்டர்கிட்ட முதல்லயே கேட்டிருப்பேன், இதுல ரெண்டாவது பேச்சே இல்ல.

பாட்டு பேர பாத்து முடிவு பண்ண மாட்டேன். எந்த வருஷத்து ரெக்கார்டிங், யார் குரல், எவ்ளோ நேரம், நடுவுல என்ன வெட்டியிருக்கு, என்ன சேத்திருக்குன்னு முன்னாடியே கேட்டு பாப்பேன். சென்டர்லயும் இப்ப அப்படித்தான் செய்றேன். கைகால் அசைக்க பழைய பாட்டு போடுவோம், முன்னாடி எல்லாம் யாரோ பாடுன கவர் கிடைச்சா அதையே போட்டுடுவேன், சில பேர் பாதியில நிறுத்திடுவாங்க, கை வலிக்குதுன்னு எழுதி வச்சிருக்கேன். அதுல எத்தனை பேர் வலியில நிறுத்துனாங்க, எத்தனை பேர் வராத சரணத்துக்காக காத்திருந்தாங்கன்னு இப்ப யோசிச்சா கஷ்டமா இருக்கு. ரசிக்கணும்னா அவங்க கேட்டு வளர்ந்த அதே ரெக்கார்டிங் தேடுறேன். புதுசா ஒரு அசைவு பழகணும்னா அவங்களுக்கு தெரியாத பாட்டா எடுக்கறேன்.

முதல் நாள் அவர மேடையில ஏத்தியிருக்கவும் மாட்டேன். உங்க ஸ்டெப்ப காட்டுங்கன்னு முதல்ல கேட்டிருப்பேன்.

இப்போதைய நிலை

2024 மார்ச்ல அந்த மெஷினோட வலது அம்புக்குறி பேனல் வேலை செய்யாம போச்சு, பழைய பதிப்பு, பார்ட்ஸ் தேடிக்கிட்டு இருக்காங்க, "பழுது"ன்னு கையால எழுதி ஒட்டியிருக்காங்க. ஒதோசான் சனிக்கிழமை சனிக்கிழமை அந்த கடைக்கு அவரே போன் பண்ணி, பேப்பர எடுத்துட்டாங்களான்னு கேக்குறார்.